ஒரே பெட்டியா, இரண்டு பெட்டியா? சால் மராண்ட்ஸ் கதை



வீட்டில் பாட்டு கேட்க இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதா, ப்ரீ-ஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி என்று பிரித்து வாங்குவதா? நம்ம டிபார்ட்மென்ட்டில் அடிக்கடி கிளம்பும் சண்டை இது. பார்ட் டைம் வேலையில் சேர்த்த காசு, ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். இதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது என்பது என் எண்ணம். நமக்கெல்லாம் கம்பெனிப் பெயராக மட்டுமே தெரிந்த சால் மராண்ட்ஸ்தான் அவர்.

1911-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தார். இன்ஜினீயர் கிடையாது, தொழில் கிராஃபிக் டிசைன். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் தன் மெர்குரி காரிலிருந்த ரேடியோவைக் கழற்றி வீட்டில் மாட்டினார். அதற்காக வேறு சர்க்யூட்டுகளும் கட்ட வேண்டி வந்தது. அந்தக் கிறுக்கு அப்புறம் அவரை விடவேயில்லை.

1948-ல் எல்.பி. இசைத்தட்டு வந்தது. தட்டில் பதியும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டிப் பதிவார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிக்கட்டணும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேற! எந்தத் தட்டுக்கு எந்த அளவோ, அதைத் திருகி வைத்துக்கொள்ளும்படி மராண்ட்ஸ் ஒரு ப்ரீ-ஆம்ப் கட்டினார். பெயர் ஆடியோ கன்சோலெட். மனைவி ஜீன் ஊக்கப்படுத்த, 100 பெட்டி செய்தார். ஆர்டரோ 400-ஐத் தாண்டியது. 1953-ல் கம்பெனி பிறந்தது.

பிறகு இன்ஜினீயர் சிட்னி ஸ்மித் துணையோடு 1956-ல் மாடல் 2 பவர் ஆம்ப், 1958-ல் மாடல் 7 ஸ்டீரியோ ப்ரீ-ஆம்ப், 1960-ல் 70 வாட் மாடல் 9 என்று வரிசையாக வந்தன. மாடல் 9-ல் ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி!

ஏன் தனித்தனிப் பெட்டி? கணக்குப் போட்டுப் பாருங்க. கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வேண்டுமானால் 20 வோல்ட் தேவை. 4,000 மடங்கு! அந்தச் சின்ன சிக்னலுக்குப் பக்கத்தில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்தால் ஹம் ஏறும். வால்வு சூடு வேற. ஆக, பிரிப்பதற்கு வேலை சார்ந்த காரணம் இருந்தது. பந்தாவுக்கு இல்லை.

ரிச்சர்ட் செக்குவேரா வடிவமைத்த 10பி டியூனர் பணத்தை விழுங்கியது. 1964-ல் கம்பெனியை சூப்பர்ஸ்கோப்புக்கு விற்றார். 1968 வரை தலைவராக இருந்தார். டிரான்சிஸ்டர் வந்ததும் சூடும் இடமும் குறைந்தன. 1970-களில் அதே மராண்ட்ஸ் பெயரில் ஒரே பெட்டி இன்டகிரேட்டட் ஆம்ப்கள் வீடு வீடாகப் போயின. அவரோ ஜான் டால்குவிஸ்டுடன் சேர்ந்து ஸ்பீக்கர் பக்கம் போனார். 1997-ல் காலமானார்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். சி.டி. பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். 20 வோல்ட்டுக்குப் போக 10 மடங்கு போதும். அதற்கு எதுக்கு இரண்டு பெட்டி? சாத்தாங்காட்டில் எங்க தெருவில் வெல்டிங் மெஷின் ஓடினா டியூப் லைட்டே கண்ணடிக்கும். இங்கே காசை இரண்டு கேபினெட்டுக்குப் பங்கு போடுவதைவிட, நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரும் உள்ள ஒரே பெட்டியை வாங்கி, எர்த்தை ஒழுங்காகக் கொடுப்பதே மேல். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்க.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. ப்ரீ-அவுட், மெயின்-இன் சாக்கெட் இருக்கிற இன்டகிரேட்டட் கிடைத்தால் அதையே எடுங்க. நாளைக்கு வேலைக்குப் போய், பெரிய ஹாலும் பெரிய ஸ்பீக்கரும் வந்தால் பவர் ஆம்பைத் தனியே சேர்த்துக்கலாம். எல்.பி. தட்டு ஆசை வந்தால் சின்ன ஃபோனோ ப்ரீ-ஆம்ப் ஒன்று போதும்.

டிகிரி இல்லையே, டிப்ளமோதானே என்று தயங்கும் நமக்கு, இன்ஜினீயரே அல்லாத மராண்ட்ஸ் ஒரு நல்ல பாடம். முதலில் தேவையைப் பார்த்தார். பெட்டியை அப்புறம் செய்தார். நாமும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்