ரெண்டு சகோதரர்களைப் பறித்த குடல் நோய்... மருந்தால் பதில் சொன்ன சுப்பாராவ்!

சாப்பிட்டது எதுவும் உடம்புல ஒட்டாது. வயித்துப்போக்கு நிக்காது. ஆள் துரும்பா இளைச்சுக்கிட்டே போவார். 'ஸ்ப்ரூ' என்ற இந்தக் குடல் நோயை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு கம்மி. ஆனா, ஒரு காலத்துல தென்னிந்தியக் குடும்பங்களைக் கலங்கடிச்ச நோய் இது.

இந்த நோய்க்கு ரெண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூணாவது முயற்சியில்தான் பாஸ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சப்போ, காந்தி வழியில் கதர் போட்டுக்கிட்டு சர்ஜரி வகுப்புக்குப் போனார். பிரிட்டிஷ் பேராசிரியர் கடுப்பாகிட்டார். கடைசியில் கையில் கிடைச்சது எம்.பி.பி.எஸ் இல்லை, அதுக்குக் கீழே இருந்த எல்.எம்.எஸ் பட்டம்.

ஸ்ப்ரூ அவரையும் விடல. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதியின் சிகிச்சையில் மீண்டு, 1922-ல் பாஸ்டனில் போய் இறங்கினார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கிட்டே ஹார்வர்டில் படிச்சார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்திலேயே தயாரிச்சுக் காட்டுச்சு.

இதுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? சிறுகுடல் சுவரில் குட்டிக்குட்டி விரல் மாதிரி நீட்சிகள் இருக்கு. சத்தை உறிஞ்சுறது அதுங்கதான். ரத்தத்துல சுத்துற வெள்ளணுக்கள் கிருமியைத் தேடி, ரத்தக்குழாயைத் தாண்டி குடல் சுவருக்குள் வரும். வேலை முடிஞ்சதும் அடங்கணும். அடங்காம குவிஞ்சா, காவலுக்கு வந்ததே குடலைப் புண்ணாக்கிடும். ஸ்ப்ரூவில் அந்த விரல்கள் தேய்ஞ்சு, ஃபோலிக் ஆசிட்கூட உள்ளே போகாம ரத்தசோகை வந்துடும்.

அவர் பொறுப்பில் இருந்த ஆய்வகத்தில்தான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் வந்தது. பிற்பாடு டெட்ராசைக்ளினும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்து ஸ்ப்ரூவுக்கே சிகிச்சை ஆச்சு!

அதோட நிக்கல. ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் காட்டி செல்களை ஏமாத்துற மருந்துகளையும் அவர் குழு உருவாக்குச்சு. அதுல ஒண்ணுதான் மெத்தோட்ரெக்ஸேட். முதல்ல புற்றுநோய்க்குப் பயன்பட்டது. பல வருஷம் கழிச்சு, குறைஞ்ச அளவில் கொடுத்தா வெள்ளணுக்களின் ஆவேசத்தைத் தணிக்கும்னு தெரிஞ்சது. மூட்டுவாதம், க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கெல்லாம் இன்னிக்கும் டாக்டர்கள் இதைக் கொடுக்குறாங்க. பக்கவிளைவைக் குறைக்க, கூடவே ஃபோலிக் ஆசிட்டும் எழுதுவாங்க.

இதைப் பார்க்க சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்ட்டில், 53 வயசுல மாரடைப்பில் போயிட்டார். ஊருக்குத் திரும்பவே இல்லை.

இன்னிக்கு கோவையில் ஒரு க்ரோன்ஸ் நோயாளியின் மருந்துச் சீட்டில் இந்த ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா, ரெண்டுமே ஒரே ஆளோட குழுவின் உழைப்புன்னு நினைச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க... இந்த நோய்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தடவை மட்டும்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. வயித்துப்போக்கு வாரக்கணக்கா நீடிச்சாலோ, எடை குறைஞ்சாலோ நீங்களா மாத்திரை வாங்காம, குடல் மருத்துவரைப் பாருங்க!