பனை வைத்துப் போனவர்: மரியோன் பிரெசிலாக் ஆண்டகை

யூபிலி ஆண்டு என்றாலே கணக்குப் பார்க்கும் ஆண்டு. டிசம்பர் 31ஆம் நாள் இரவு நன்றி வழிபாட்டில் பங்குத் தந்தை எழுந்து நின்று அந்த ஆண்டின் கணக்கை வாசிப்பதை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இத்தனை திருமுழுக்கு, இத்தனை புதுநன்மை, இத்தனை திருமணம், இத்தனை அடக்கம்; கோயிலுக்கு வெள்ளையடித்த செலவு இவ்வளவு, தேர்த் திருவிழாவின் வரவு இவ்வளவு. களத்து மேட்டில் தானியம் அளக்கும் குடியானவரைப் போல் நாமும் அளந்து பார்த்து, இறைவனுக்கு நன்றி கூறி வீடு திரும்புகிறோம்.

ஆனால் அளந்து பார்த்தபோது மரக்காலில் ஒன்றும் விழாத ஒருவர் நமது கோவை மறைமாவட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிறார். அவரே நமது முதல் ஆயர், மேதகு மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை. பங்கின் யூபிலி மலரில் அவருடைய வாழ்வை நினைவுகூர்வது நமது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் உள்ள கஸ்தெல்னொதாரி என்னும் ஊரில் 1813ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் பிறந்தார். பிரபுக் குடும்பம், ஆனால் பிரெஞ்சுப் புரட்சியில் சொத்தை இழந்த குடும்பம். வீட்டுக்கு மூத்த பிள்ளையான அவருக்குத் தந்தையாரே வீட்டில் ஆரம்பக் கல்வி புகட்டினார். 1838 டிசம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டுத் தம் சொந்த ஊரின் புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிக் குருவாகப் பணி தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய கோவை மறைமாவட்டத்தின் பேராலயமும் புனித மிக்கேல் அதிதூதரின் பெயரையே தாங்கியது.

சொந்த ஊர், சொந்த வீடு, மதிப்பான பணி; எதற்கும் குறைவில்லை. எனினும் வேதபோதக நாடுகளுக்குச் செல்ல வேண்டும் என்ற ஆவல் அவரை விடவில்லை. தந்தையார் சம்மதிக்கவில்லை. பெற்றோரை மதிக்கும் பிள்ளைக்கு அது பெரும் வேதனை. ஆயினும் அழைப்பு இறைவனுடையது என்று உறுதி கொண்டு, 1841இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையில் சேர்ந்தார். தாய்நாட்டை விட்டுப் புறப்படும் முன் தம் வாழ்வுக்கென்று சில தீர்மானங்களைச் செய்துகொண்டார். முழு இதயத்தோடு வேதபோதகராக இருப்பது, இறைவார்த்தையை அறிவிக்கும் எந்த வாய்ப்பையும் தவறவிடாதிருப்பது என்பவற்றோடு, எல்லாவற்றுக்கும் முடிவாக, அந்தந்த நாட்டு மக்களிடமிருந்தே குருக்களை உருவாக்கத் தம் முழு ஆற்றலையும் செலவிடுவது என்றும் முடிவு செய்தார். அவர் வாழ்வின் திறவுகோல் இந்தக் கடைசித் தீர்மானத்தில் இருக்கிறது.

1842 ஜூலை 24ஆம் நாள் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அப்போது வயது 28. தமிழ் கற்றார், சேலம் பகுதியில் பணிபுரிந்தார். 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொன்னாந் ஆண்டகை புதுச்சேரியில் குருக்களின் மாமன்றம் ஒன்றைக் கூட்டினார். நாட்டுக் குருக்களை உருவாக்குவது அதில் ஆராயப்பட்ட பெரிய கேள்விகளுள் ஒன்று. அதன் பின் புதுச்சேரிக் குருமடத்தையும் கல்லூரியையும் நடத்தும் பொறுப்பு இளம் குருவான பிரெசிலாக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர்களோடு வாழ்ந்த அந்த நாட்களில் இந்நாட்டுப் பிள்ளைகளால் எதுவும் இயலும் என்ற அவருடைய நம்பிக்கை உரம் பெற்றது.

1845இல் கொங்கு நாடு புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மறைப்பகுதியாக அவரிடம் தரப்பட்டது. 1846 அக்டோபர் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறு செபமாலை அன்னைக்குரியது என்பதை நாம் அறிவோம். அன்றுதான் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருத்தலத்தில் அவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். வயது 32. இன்று நாம் பாதயாத்திரையாக நடந்து சென்று முழந்தாளிடும் அதே தலத்தில்தான் கொங்கு நாட்டின் திருச்சபைக்கு முதல் மேய்ப்பர் கிடைத்தார். 1850இல் இப்பகுதி முழு அப்போஸ்தலிக்க மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது.

சேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் விதைத்த விசுவாசம் இங்கே இருந்தது. ஆனால் 1773இல் அச்சபை கலைக்கப்பட்ட பின் நீண்ட காலம் மேய்ப்பர் குறைவு. கிறிஸ்தவர்கள் அங்கொரு குடும்பம் இங்கொரு குடும்பமாகச் சிதறிக் கிடந்தார்கள். நீலகிரி மலை ஒருபுறம், பாலக்காட்டுக் கணவாய் மறுபுறம். இரயில் பாதை இல்லாத காலம். பயணமெல்லாம் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் கால்நடையாகவுமே. போதாக்குறைக்கு, தென்னிந்தியக் கோயில்கள் கோவாவின் அதிகாரத்துக்கு உட்பட்டவையா, ரோமாபுரி நேராக அனுப்பிய ஆயர்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவையா என்ற வழக்கு பல ஊர்களில் மக்களை இரண்டாகப் பிரித்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஆண்டகையின் முதல் கவலை குருமடமே. நாட்டுக் குருக்கள் வெளிநாட்டார்க்கு ஏவலாட்களாக இராமல், ஒரு நாள் ஆயர்களாகவும் இத்திருச்சபையை நடத்த வேண்டும் என்பது அவர் கொண்ட எண்ணம். ரோமாபுரியும் 1845இல் வெளியிட்ட போதனையில் இதையே வேதபோதக நாடுகளின் ஆயர்களிடம் கேட்டிருந்தது. பெண்களுக்கும் கல்வியும் துறவற வாழ்வும் வேண்டும் என்ற ஆவலும் அந்நாட்களில் இங்கே கனிந்தது. அருட்தந்தை ஜோசப் லூயி ரவேல் அவர்களால் 1853இல் கோவையில் தொடங்கப்பட்ட காணிக்கை மாதா கன்னியர் சபை இன்றும் நம்மிடையே பணி செய்து வருகிறது.

ஆனால் ஆண்டகையின் எண்ணத்தை உடன் உழைத்த குருக்கள் அனைவரும் ஏற்கவில்லை. நாட்டுக் குருக்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று எண்ணியோர் பலர். அவர்களும் நல்லவர்களே; ஊரையும் உறவையும் துறந்து வந்தவர்களே. எனினும் ஆயர் தம் இல்லத்திலேயே தனித்து நின்றார்.

இரண்டாவது துன்பம் இன்னும் ஆழமானது. சாதி வழக்கங்களையும் ஊர்ச் சடங்குகளையும் திருச்சபைக்குள் எந்த அளவு அனுமதிக்கலாம் என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்து வந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதற்குத் தீர்ப்பு அளித்து, வேதபோதகர் ஒவ்வொருவரும் அதை அனுசரிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் எனக் கட்டளையிட்டார். சத்தியம் செய்தாகிவிட்டது, ஆனால் கோயிலுக்குள் பழைய வழக்கங்கள் பல தொடர்ந்து நடந்தன. சிலர் அவற்றுக்கு விளக்கம் கூறி அமைதி கண்டார்கள். ஆண்டகையின் மனச்சாட்சிக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. அனுமதித்தால் சத்தியத்துக்குத் துரோகமோ, தடுத்தால் மந்தை சிதறுமோ என்று வாடினார். ரோமாபுரியிடம் தெளிவான முடிவு கேட்டார்; மனத்தை அமைதிப்படுத்தும் பதில் வரவில்லை.

1854இல் தாமே ரோமாபுரிக்குப் பயணமானார். 1855 மார்ச் மாதத்தில் அவருடைய பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வயது 41. வெர்சாய் நகரில் கப்புச்சின் துறவியரின் இல்லத்தில் தங்கி, இந்தியாவில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவுகளை எழுதினார். ஆண்டு ஆண்டாகத் திரும்பிப் பார்த்த அந்த வேளையில் அவர் கண்ட கணக்கு என்ன? எண்ணிய எண்ணம் நிறைவேறவில்லை; கேட்ட கேள்விக்கு விடை இல்லை; நேசித்த மக்களிடம் திரும்பவும் வழியில்லை. உலகம் இதைத் தோல்வி என்றே எழுதும்.

அவரோ ஓய்ந்து உட்காரவில்லை. ஆயர் என்ற மதிப்போடு பிரான்சில் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அதை விட்டு, ஆப்பிரிக்காவில் வேதபோதகர் இல்லாத இடங்களுக்குத் தம்மை அனுப்புமாறு கேட்டார். 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் பூர்வியேர் அன்னையின் திருத்தலத்தில், ஒரு சிறு குழுவோடு ஆப்பிரிக்க வேதபோதக சபையை நிறுவினார். தகோமே நாட்டுக்குச் செல்ல விரும்பினார். கிடைத்ததோ சியேரா லியோன். 1859 மே 14ஆம் நாள் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தார். ஊரில் கொள்ளை நோய். இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் எச்சரித்தும், தமக்கு முன்பே அங்கு சென்றிருந்த தம் பிள்ளைகளைக் கைவிட மனமின்றி இறங்கினார். சில வாரங்களுக்குள் உடன் உழைத்தோர் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். ஜூன் 25ஆம் நாள் அவரும் காய்ச்சலுக்கு இரையானார். வயது 45. கரையில் இறங்கி ஆறு வாரமே ஆகியிருந்தது.

தென்னை வைத்தவர் தின்றுவிட்டுப் போவார், பனை வைத்தவர் பார்த்துவிட்டுப் போவார் என்பது நம் பெரியோர் வழக்கு. இவர் வைத்தது பனை. அது முளைத்ததைப் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. லியோனில் மீந்திருந்த அருட்தந்தை பிளாங்க் சபையைக் கலைக்காமல் காத்தார். இன்று அது ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வேரூன்றி நிற்கிறது. இங்கே கோவை 1886இல் மறைமாவட்டமாயிற்று. 1940இல் நம் நாட்டவரான உபகாரசாமி ஆண்டகை அதன் ஆயரானார். அவருக்குப் பின் வந்த ஆயர்கள் அனைவரும் நம் மண்ணின் மக்களே. முதல் ஆயர் பதவி துறந்து 85 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய எண்ணம் நிறைவேறியது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய வீரத்துவப் புண்ணியங்களை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்கச் செய்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த யூபிலியில் நாமும் கணக்குப் பார்ப்போம். கட்டிடங்களையும் வரவு செலவையும் பார்ப்பது தவறில்லை. அவற்றோடு நம் முதல் ஆயர் கேட்ட இரண்டு கேள்விகளையும் நம்மிடம் கேட்டுக்கொள்வோம். முதலாவது, நம் பங்கின் குடும்பங்களிலிருந்து இறைபணிக்குப் பிள்ளைகள் புறப்படுகிறார்களா? பிள்ளை புறப்பட நினைக்கும்போது நாம் வழிவிடுகிறோமா? இரண்டாவது, பீடத்தின் முன் ஒரே அப்பத்தை உண்ணும் நாம், கோயில் வாசலைத் தாண்டியதும் யார் எந்தத் தெரு, யார் எந்தச் சாதி என்று பார்க்கிறோமா? பிரெசிலாக் ஆண்டகையின் உறக்கத்தைக் கெடுத்த அந்தக் கேள்வி நம்முடைய உறக்கத்தைக் கெடுக்காமல் இருக்குமானால், நம் கணக்கில் ஏதோ ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

அடுத்த முறை கருமத்தம்பட்டி அன்னையின் முன் நிற்கும்போது, அங்கே 32 வயதில் அபிஷேகம் பெற்று, வெறுங்கையோடு திரும்பிப் போன அந்த மேய்ப்பருக்காக ஒரு நன்றி செபம் சொல்வோம். அவர் வைத்த பனையின் நிழலில்தான் நாம் இன்று விழா எடுக்கிறோம்.