கணக்கேடும் வாளும்: யான் பீட்டர்சூன் கோயன்

இன்று மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சாதிக்காய், நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய நாடுகளைப் போர்முனையில் நிறுத்திய பொருளாகும். உணவுக்கு மணமூட்டவும் மருந்தாகவும் பயன்பட்ட அதனை உலகிற்கு வழங்கிய நிலப்பரப்போ மிகச் சிறிது. சாதிக்காயும், அவ்விதையைச் சூழ்ந்திருக்கும் செந்நிற உறையாகிய சாதிபத்திரியும், இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பாண்டா தீவுகளில் மட்டுமே அக்காலத்தில் வணிகத்திற்காக விளைந்தன. அத்தீவுகளைத் தம் நாட்டு நிறுவனத்தின் தனியுடைமையாக்கியவர் யான் பீட்டர்சூன் கோயன். நெதர்லாந்தில் நெடுங்காலம் பெருவீரராகப் போற்றப்பட்ட அவருடைய வாழ்க்கை, வணிகப் போட்டி எத்தகைய விலையைக் கேட்டது என்பதையும் உணர்த்துகிறது.

இளமையும் கல்வியும்

கோயன் 1587ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹோர்ன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இளம் பருவத்திலேயே உரோமை நகருக்குச் சென்று, வணிக நிலையம் ஒன்றில் பணியாற்றிக் கணக்கு எழுதும் முறைகளைத் தேர்ச்சியுறக் கற்றார். இக்கல்வியே பின்னாளில் அவரது உயர்வுக்கு ஏணியாயிற்று.

அவர் வளர்ந்த காலம் கடும் போட்டி நிலவிய காலமாகும். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அடுத்த ஆண்டிலேயே பாண்டாவை அடைந்திருந்தனர். 1600இல் ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனமும் 1602இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனமும் தோன்றின. 1605இல் டச்சுக்காரர், கிராம்பு விளையும் அம்பொய்னாவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர்.

1607இல் கோயன் டச்சு நிறுவனத்தின் இளநிலை வணிகராகக் கீழ்த்திசைக்குப் பயணமானார். அவர் சென்ற கடற்படையின் தலைவர் வெர்ஹூவன், 1609இல் பாண்டா மக்களால் கொல்லப்பட்டார். பாண்டா மக்கள் சாவகர், மலாய் வணிகர் எனப் பலருடனும் பண்டமாற்றுச் செய்து, அரிசியும் துணியும் பெற்று வாழ்ந்தவர்கள். தங்கள் விளைபொருளை டச்சுக்காரருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்னும் ஒப்பந்தம் அவர்களுடைய வாழ்வுக்கே இடையூறாக இருந்தது. எனவே, அவர்கள் ஆங்கிலேயருக்கும் பிறருக்கும் தொடர்ந்து விற்றனர். இதனை டச்சுக்காரர் நம்பிக்கைத் துரோகமாகக் கருதினர்.

வணிகத் திட்டம்

1612இல் இரண்டாம் முறையாகக் கடல் கடந்த கோயன், சாவகத் தீவின் பாந்தம் நகரில் நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தையும் மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கொண்டுவந்து நறுமணப் பொருள்களை வாங்குவதைவிட, ஆசிய நாடுகளுக்கிடையே வணிகம் செய்து, அந்த ஆதாயத்தால் அவற்றை வாங்குவதே சிறந்தது என அவர் கண்டார். அத்திட்டத்தில் சோழமண்டலக் கடற்கரைக்குச் சிறப்பிடம் இருந்தது. கீழைத்தீவுகளின் மக்கள் விரும்பியது ஐரோப்பியப் பொருள்களையன்று. நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகளையே ஆகும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் அமைத்த கெல்டிரியா கோட்டை இத்துணி வணிகத்தின் மையமாக விளங்கியது.

எனினும், வணிகத்தைப் படைவலிமையின்றிக் காக்க இயலாது என்பதும், படையைப் பேணும் செலவை வணிகமே ஈட்ட வேண்டும் என்பதும் கோயனின் உறுதியான கொள்கைகளாக இருந்தன. 1618இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், அவர் தலைமை ஆளுநராக நியமன ஆணை பெற்றார். அடுத்த ஆண்டு ஜெயகர்த்தாவை வென்று, எரித்து, அவ்விடத்தில் பத்தாவியா நகரை நிறுவினார். இன்றைய ஜகார்த்தா அதுவே.

பாண்டாவின் வீழ்ச்சி

1619இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்பாடு, நறுமணப் பொருள் வணிகத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆங்கிலேயருக்கு வழங்கியது. பாண்டாவின் ரன் தீவில் 1616 முதல் ஆங்கிலேயர் நிலைகொண்டும் இருந்தனர். இப்பங்கீட்டைக் கோயன் மனமார ஏற்கவில்லை. 1621இல் பெரும்படையுடன் பாண்டாவின் மீது படையெடுத்தார். சிறைப்பட்ட தலைவர்களுள் 44 பேர், கூலிப்படையினராகிய சப்பானிய வீரர்களின் வாளுக்கு இரையாயினர். ஊர்கள் எரிக்கப்பட்டன. மலைகளில் ஒளிந்தோர் பசியால் மடிந்தனர். நூற்றுக்கணக்கானோர் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேரளவே எஞ்சினர் என வரலாற்றறிஞர் கணிப்பர்.

மரங்கள் இருந்தன, அவற்றைப் பேணி வளர்க்கும் மக்கள் இல்லை. ஆகவே, தோட்டங்கள் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு டச்சுக் குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கு உழைக்கப் பல நாடுகளிலிருந்து அடிமைகள் வரவழைக்கப்பட்டனர். துணிப்பொதிகள் ஏறிய பழவேற்காட்டுத் துறையிலிருந்தே, அந்நூற்றாண்டில் நம் கடற்கரை மக்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இறுதிக் காலம்

1623இல் கோயன் தாய்நாடு திரும்பினார். அவர் புறப்பட்ட சில வாரங்களில், அம்பொய்னாவில் டச்சு அலுவலர்கள் சதிக்குற்றம் சாட்டி ஆங்கிலேயர் பத்துப் பேரைக் கொன்றனர். அதனால் எழுந்த பகை இரு நாடுகளிடையே நெடுங்காலம் நீடித்தது. 1627இல் மீண்டும் பத்தாவியாவின் ஆளுநரான கோயன், மாதரம் அரசர் சுல்தான் அகுங்கின் முற்றுகைகளை 1628, 1629 ஆகிய ஆண்டுகளில் எதிர்கொண்டார். இரண்டாம் முற்றுகையின்போது நோயுற்று, 1629 செப்டம்பர் 21ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

வரலாறு உரைப்பது

1667இல் ஆங்கிலேயர் ரன் தீவின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தனர். வட அமெரிக்காவின் மன்ஹாட்டன் அவர்கள் வசமே நிலைத்தது. ஆயினும், கோயன் குருதி சிந்தி நிலைநாட்டிய தனியுரிமை என்றும் நிலைக்கவில்லை. 1770இல் பிரெஞ்சுக்காரர் சாதிக்காய் நாற்றுகளை மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். பின்னர் பாண்டாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் பினாங்கு முதலிய இடங்களில் அவற்றைப் பயிரிட்டனர்.

1893இல் ஹோர்ன் நகரில் கோயனுக்குச் சிலை எழுப்பப்பட்டது. அச்சிலை அங்கு நிற்கத் தகுமா என அந்நகர மக்களே இன்று வினவுகின்றனர். அவரது அறிவாற்றலும் அயராத உழைப்பும் மறுக்க இயலாதவை. ஆனால், அவர் எழுதிய கணக்குகளில் இழந்த உயிர்களுக்கு இடமில்லை. பாண்டாவிலிருந்து தப்பியோர் சிலர் கெய் தீவுகளில் குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் மொழியை இன்றும் அங்குப் பேசி வருகின்றனர். கோயனின் வாழ்வை மதிப்பிடுவோர் சிலையோடு அம்மக்களையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.