எழுதத் தெரியாமல் எழுத ஆரம்பித்த பத்திரிகை ஆசிரியை



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் கையால் எழுதின கட்டுரை இல்லை. நான் சொல்லச் சொல்ல, எங்கள் குழுவின் கணக்காளர் பொண்ணு எழுதினாள். நான் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருசமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள். ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்ணுக்கு உடனே தெரியும். எழுத்து மட்டும் சமீபம் வரைக்கும் பிடிபடவில்லை.

மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று கூட்டமைப்பில் தீர்மானம் போட்டார்கள் இல்லையா? எங்கள் குழுவில் எல்லோரும் கணக்காளர் பொண்ணைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்து, அக்கா நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன் என்றாள். ஏன் என்னைக் கேட்டாள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருசம் ஆண்டுக் கூட்டத்தில் தவணை தவறாத உறுப்பினர் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுக்கப் பேர் கூப்பிட்டார்கள். நான் மேடைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். உண்மை என்னவென்றால், கேடயம் வாங்குகிறவர்கள் மேசை மேல் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் போன எல்லோரும் பேனா பிடித்தார்கள். இத்தனை பேர் நடுவில் நான் மட்டும் கட்டைவிரலில் மை தடவ வேண்டுமா என்று கூச்சமாகிவிட்டது.

அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தப் பொண்ணு ஒன்றும் கேட்கவில்லை. சேமிப்புக் கணக்கு முடிந்ததும், இன்றைக்கு ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள் என்று ஆரம்பித்தாள். நாலு வாரம் சொன்னாள். அப்படித்தான் எனக்கு வை.மு.கோதைநாயகி அம்மாள் அறிமுகமானார்.

கோதைநாயகி அம்மாள் 1901-ம் வருசம் டிசம்பர் 1-ம் தேதி பிறந்தவர். ஒரு வயதிலேயே தாயைப் பறிகொடுத்தார். பாட்டியும் சித்தப்பாவும் சித்தியும்தான் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். வை.மு. என்பது புகுந்த வீட்டுப் பேர். பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை.

இதைக் கேட்டபோது எங்கள் குழுவில் ஒரு அம்மா, நம்ம ஆத்தா காலத்துக் கதை மாதிரியே இருக்குதே என்றார். ஆமாம், அதுவரைக்கும் அதே கதைதான். அதற்கப்புறம்தான் வேறு மாதிரிப் போகிறது.

சித்தப்பாவிடம் தமிழ்ப் பாடல்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார். மாமியாரிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். கோதைநாயகி அம்மாளுக்குக் கதை சொல்வதில் நல்ல திறமை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு புதுசு புதுசாகக் கதை சொல்வார். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்ணை நாடகக் கொட்டகைக்கு அழைத்துப் போவதே பெரிய விசயம். பார்த்துப் பார்த்து, நாமும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது.

ஆனால் எழுத வராது. அப்போது என்ன செய்தார் தெரியுமா? பட்டம்மாள் என்று ஒரு தோழி. கோதைநாயகி அம்மாள் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் இந்திரமோகனா என்ற நாடகம். 1924-ல் அச்சில் வந்தது. அதற்கப்புறம் அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் கணக்காளர் பொண்ணை நிறுத்தி, மறுபடி சொல்லு கண்ணு என்றேன். எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் முதல் புத்தகம், இன்னொரு பெண்ணின் கையால் எழுதப்பட்டது. நம் குழுக்களில் நடப்பது இதுதானே? ஒருத்தி தீர்மானம் சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். அதனால் சொன்னவளின் தீர்மானம் இல்லை என்று ஆகிவிடுமா?

நாடகத்தைப் பார்த்துப் பெரியவர்கள் பாராட்டினார்கள். அப்போது பேர் பெற்ற நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் துணையாக இருந்தார். நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்ற பத்திரிகையை 1925-ல் கோதைநாயகி அம்மாள் வாங்கினார். அவருக்கு வயது அப்போது இருபத்திமூன்று. அன்றிலிருந்து ஏறத்தாழ 35 வருசம் அவரே ஆசிரியர். தமிழில் இத்தனை வருசம் ஒரு பெண் ஆசிரியராக இருந்து பத்திரிகை நடத்தினது அவர்தான் முதல்.

பத்திரிகை ஆசிரியர் வேலை என்றால் கதை எழுதுவது மட்டும் இல்லை. காகிதம் வாங்கவேண்டும், அச்சுக்குக் கொடுக்கவேண்டும், பிழை பார்க்கவேண்டும், சந்தா வசூலிக்கவேண்டும், தபாலில் அனுப்பவேண்டும். மாதம் பிறந்தால் இதழ் வந்தாகவேண்டும். நமக்கு ஷிப்மெண்ட் தேதி மாதிரி. ஒரு டஜன் குறைந்தாலும் பெட்டி கட்ட முடியாது அல்லவா? அதே நெருக்கடி மாதாமாதம். கணவர் பக்கத்தில் நின்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் இருக்கவேண்டிய பெண் பத்திரிகை நடத்துவதா என்று பேச்சு வந்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. 115 நாவல் எழுதினார். குழந்தைக் கல்யாணம், விதவைகள் படும் பாடு, வரதட்சணை, குடி என்று பெண்கள் வீட்டுக்குள் அனுபவிக்கிற கஷ்டங்களைக் கதையாக்கினார். துப்பறியும் கதையும் எழுதினார். அவருடைய கதைகள் சினிமாவாகவும் வந்தன. 1937-ல் ராஜமோகன், 1938-ல் அநாதைப் பெண்.

இதற்கு நடுவில் சுதந்திரப் போராட்டம். 1925-ல் காந்தியைப் பார்த்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுவிட்டுக் கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி இவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். மேடையில் நன்றாகப் பேசுவார், நன்றாகப் பாடுவார். 1931-ல் கள்ளுக்கடை மறியல் செய்து சிறைக்குப் போனார். அந்நியத் துணி எதிர்ப்பிலும் முன்னால் நின்றார்.

அந்நியத் துணி என்றதும் நமக்கு நம்ம ஊர் ஞாபகம் வரும். 1932 ஜனவரி 10-ல் கொடியோடு ஊர்வலம் போன குமரனை அடித்ததும், மறுநாள் அவர் இறந்ததும் நம்ம திருப்பூரில்தானே. ரயில்வே ஸ்டேசன் பக்கம் அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் நம்மில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறோம். அதே காலத்தில்தான் சென்னையில் இந்த அம்மா போராடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு உலகத்துக்கே துணி அனுப்புகிற ஊரில் நிற்கிற நாம், அன்றைக்கு ஒரு துணிக்காக ஜெயிலுக்குப் போன பெண்களை மறக்கக்கூடாது.

ஜெயிலுக்குள்ளும் எழுத்து நிற்கவில்லை. கூட இருந்த கைதிப் பெண்களின் கதைகளைக் கேட்டு, சோதனையின் கொடுமை என்ற நாவலை எழுதினார். வெளியில் கணவர் ஜகன்மோகினியைப் பார்த்துக்கொண்டார்.

1948-ல் காந்தி இறந்த பிறகு, மகாத்மாஜி சேவா சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கும் ஆதரவில்லாத குழந்தைகளுக்கும் உதவுவதற்காக. சுய உதவிக் குழு என்ற வார்த்தை பிறப்பதற்கு முன்னாலேயே அந்த மாதிரி வேலை அது.

இப்போது பரிசு விசயத்துக்கு வருகிறேன். சுதந்திரப் போராட்டத்தில் பட்ட கஷ்டத்துக்காக அவருக்கு அரசாங்கம் 10 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை அப்படியே வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக வினோபா ஊர் ஊராக நடந்த காலம் அது.

இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். லைன் வீட்டில் மாதம் பிறந்தால் வாடகைக்கு அல்லாடுகிற ஒரு உறுப்பினர், நானா இருந்தா ஒரு சென்ட் கூடக் கொடுக்க மாட்டேன், ஜெயிலுக்குப் போய்ச் சம்பாதிச்சது, அது அவங்க உரிமை என்றார். இன்னொருத்தர், கொடுத்ததால்தான் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுகிறோம் என்றார். நான் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் கொடுக்க மனசு வந்திருக்காது. ஒரு சென்ட் இடத்துக்கு ஆயுசு பூராவும் சீட்டுக் கட்டுகிறவள் நான். ஆனால் ஒன்று புரிந்தது. அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை. முதலில் கை நீட்டி வாங்கினார். தன்னுடையது என்று ஆன பிறகு, தன் இஷ்டப்படி கொடுத்தார். வாங்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால், கொடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

கடைசிக் காலம் கஷ்டமாக இருந்தது. 1956-ல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. காசநோய் வந்தது. 1960 பிப்ரவரி 20-ம் தேதி காலமானார். அவரோடு ஜகன்மோகினியும் நின்றுவிட்டது.

இன்னொரு பரிசும் உண்டு. தயாநிதி என்ற அவருடைய நாவல்தான் 1966-ல் சித்தி என்ற படமாக வந்தது. பத்மினி நடித்த படம், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்தது. தம்பியின் படிப்புக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுக்கிற பெண்ணின் கதை. நாமெல்லாம் டிவியில் பார்த்து அழுத படம்தான். அந்தக் கதைக்குத் தமிழக அரசின் சிறந்த கதாசிரியர் விருது கிடைத்தது. வாங்கிக்கொள்ள அந்த அம்மா உயிரோடு இல்லை. படம் பார்த்த நமக்கும் அது யார் கதை என்று தெரியாது. நடித்தவர் பேர் தெரியும், எழுதினவர் பேர் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருசத்துக்கு முன்னால், ஒரு கம்பெனியில் நான் பார்த்த பீஸ் கணக்கில் ஒரு வாரம் நாற்பது டஜன் குறைந்திருந்தது. எழுதி வைத்திருந்தால் காட்டியிருப்பேன். மனசில்தான் கணக்கு வைத்திருந்தேன். மனசுக் கணக்கை யார் நம்புவார்கள்? சம்பளத்தில் பிடித்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதாத உழைப்பு நம் பேரில் நிற்காது. செத்தபிறகு வந்த விருதுகூட அந்த அம்மா பேரில் வந்ததற்குக் காரணம், நாவலின் அட்டையில் அவர் பேர் அச்சாகியிருந்ததுதான்.

மறுவாரம் கணக்காளர் பொண்ணிடம், எனக்கு எழுதக் கத்துக்கொடு கண்ணு என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம். முதல் மாதம் பேர் எழுதவே கை நடுங்கியது. கத்தரியைப் பிடித்துப் பழகின விரல், பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்றது. மூன்று மாதத்தில் என் பேர், என் ஊர், தேதி, எண்கள் எல்லாம் வந்துவிட்டன. இப்போது என் பீஸ் கணக்கை நானே ஒரு நோட்டில் எழுதுகிறேன். பஸ் போர்டு படிக்கிறேன். வாய்விட்டுத்தான் படிக்க வருகிறது, பக்கத்து சீட்டில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வருசக் கேடயம் கூட்டமைப்பு அலமாரியிலேயே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்க் கேட்டேன். அலுவலகத்தில் யாரும் இல்லை, மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. பதிவேட்டை எடுத்து வைத்தார்கள். விட்டுப்போயிருந்த கட்டத்தில் என் பேரை எழுதினேன். கோடு தாண்டிக் கொஞ்சம் வெளியே போய்விட்டது. கேடயத்தைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சகோதரிகளே, நம் கூட்டமைப்பில் கைநாட்டு வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் பட்டம்மாள் மாதிரி ஒருத்தராவது இருப்பார். எழுதத் தெரிந்தவர் தெரியாத ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தெரியாதவர்கள் என்னை மாதிரிப் பின்னால் போய் உட்காராதீர்கள். இருபத்தியிரண்டு வயசில் எழுத்துக் கற்றுக்கொண்ட அந்த அம்மா 115 நாவல் எழுதினார். நமக்கு அத்தனை வேண்டாம். நம் பேர், நம் கணக்கு, நம் தீர்மானம், இந்த மூன்றும் நம் கையெழுத்தில் இருந்தால் போதும்.

இதுவரைக்கும் அந்தப் பொண்ணு எழுதினாள். அடுத்த வரி நான் எழுதினது. அச்சில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் நன்றி. வணக்கமுங்க.