ஐந்து கட்டை, ரெண்டு கை: எமில் போதோவின் கதை

விம் எடிட்டருக்குள் முதல் தடவை போய், வெளியே வர வழி தெரியாமல் டெர்மினலையே மூடினவங்க கை தூக்குங்க. சரி, கையை இறக்கிடுங்க. கூட்டம் பெரிசுதான்!

எழுத்தைத் தட்டினால் எழுத்து வராது. ஏதோ ஒரு வரி காணாமல் போகும், திரை எங்கேயோ தாவும். காரணம் உங்களுக்கே தெரியும். அங்கே ஒரே விசைக்கு ரெண்டு வேலை. ஒரு நிலையில் அது எழுத்து, இன்னொரு நிலையில் அது கட்டளை. இப்போ எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நம்ம தலைதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

இந்தத் தலைவலிக்கு வயசு 150 வருஷத்துக்கும் மேல். அதை விரல்களுக்குப் பழக்கப்படுத்தப் பார்த்த ஒரு மனுஷரோட பேரை நீங்க லேபில் தினமும் சொல்றீங்க. ஆர்டுயினோவில் சீரியல் போர்ட்டுக்கு 9600 என்று ஒரு எண் கொடுப்போமே, பாட் ரேட்? அந்த 'பாட்' ஒரு ஆளோட பேரிலிருந்து வந்தது. அவர் ழான் மாரிஸ் எமில் போதோ.

1845 செப்டம்பர் 11-ல் பிரான்ஸின் ஓட்-மார்ன் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஊர் ஆரம்பப் பள்ளியோடு சரி. அப்புறம் அப்பாவோடு வயல் வேலை. டிகிரி இல்லை, டிப்ளமோ இல்லை. 1869-ல், 24 வயசு நெருங்கும்போது, பிரெஞ்சு தந்தித் துறையில் ஆபரேட்டர் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் கைக்கு வந்தது ஹியூஸ் தந்திக் கருவி. ஆர்மோனியம் மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டைகள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டை. ஆனால் அதில் ஒரு வீண்செலவு ஒளிஞ்சிருந்தது. ஒரு ஆபரேட்டர் வேலை செய்யும்போது முழுக் கம்பியும் அவருக்கே. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அந்தக் கம்பி சும்மா கிடக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இழுத்த கம்பி சும்மா கிடந்தால் என்ன நஷ்டம் என்று யோசிச்சுப் பாருங்க.

போதோ யோசிச்சார். மேலதிகாரிகள் ஊக்கம் கொடுத்தாங்க, ஆனால் வேலை நேரமோ பணமோ கொடுக்கலை. டூட்டி முடிஞ்ச பிறகு, சொந்த நேரத்தில்தான் எல்லாம். உடம்பும் அவருக்கு ஒத்துழைக்கலை. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தொடங்கிய உபாதை கடைசி வரைக்கும் விடலை. அடிக்கடி லீவு போட வேண்டியிருந்தது.

1874 ஜூனில் காப்புரிமை வாங்கினார். ஐந்து அலகு சங்கேதம் காஸ், வெபர் ஆகியோர் முன்பே யோசித்தது. கம்பியைப் பலருக்கு நேரப்படி பங்கு போடுவது மேயர் செய்து பார்த்தது. இந்த ரெண்டையும் எழுத்தை அச்சடிக்கும் கருவியோடு சேர்த்து ஒரே அமைப்பாக்கினது போதோ. ஒரு சுழலும் தூரிகை, ஒவ்வொரு ஆபரேட்டரின் பலகையையும் முறைவைத்துத் தொட்டுக்கொண்டே போகும். நாலு பேர் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். டைம் டிவிஷன் மல்டிபிளெக்ஸிங் என்று நாம் செமஸ்டருக்குப் படிப்பது இதைத்தான்.

இப்போ விசைப்பலகைக்கு வருவோம். போதோவின் பலகையில் கட்டைகள் வெறும் ஐந்து. வலது கைக்கு மூன்று, இடது கைக்கு ரெண்டு. வீணையில் சில தந்திகளைச் சேர்த்து மீட்டுவது மாதிரி, கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு எழுத்து. ஐந்து கட்டை என்றால் ரெண்டின் அடுக்கு ஐந்து, அதாவது 32 சேர்க்கை. எழுத்துகளே 26. எண்களும் நிறுத்தக்குறிகளும் எங்கே போகும்?

போதோ ரெண்டு சேர்க்கைகளைத் தனியா ஒதுக்கினார். ஒன்று 'இனி வருவதெல்லாம் எண்' என்று சொல்லும். இன்னொன்று 'இனி எழுத்து' என்று சொல்லும். அதே கட்டைகள், நிலை மாறினால் பொருள் மாறும். திரும்பி வர ஆபரேட்டர் மறந்தால், பாரிஸில் அடிச்ச செய்தி அந்தப் பக்கம் எண்ணும் குறியுமாகக் கொட்டும். விம்மில் 'ஐ' தட்டாமல் டைப் பண்ணுகிற நம்ம நிலைமை அப்படியே அங்கே!

இதை மனுஷங்க எப்படிப் பழகினாங்க? இங்கேதான் போதோவின் அக்கறை தெரியுது. சேர்க்கைகளை அவர் கண்டபடி பங்கிடலை. உயிரெழுத்துகள் எல்லாம் வலது கையின் மூன்று கட்டைகளுக்குள்ளேயே அடங்கும். இடது கை சேர்ந்தால் மெய்யெழுத்து. அட்டவணையை மனப்பாடம் செய்யும் முன்பே விரலுக்கு ஒரு இலக்கணம் கிடைச்சிடுது.

அடுத்தது தாளம். கட்டையை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். தூரிகை சுற்றி வந்து வாசித்த பிறகு 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். அதுதான் அடுத்த எழுத்துக்கு அழைப்பு. வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 30 வார்த்தை. கணக்குப் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு மூன்று எழுத்து. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அங்கே வேகத்தைவிட நிதானம்தான் திறமை.

1877 நவம்பரில் பாரிஸ் - போர்தோ தடத்தில் சோதித்தாங்க. அந்த வருஷக் கடைசியில் பாரிஸ் - ரோம் தடத்தில், ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் தூரத்துக்கு, கருவி வேலைக்கு வந்தது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1882-ல் அந்த ஆரம்பப் பள்ளி மாணவர் தந்தித் துறையில் இன்ஸ்பெக்டர் - இன்ஜினியர்.

சொந்த வாழ்க்கை அவ்வளவு கருணை காட்டலை. 1890 ஜனவரியில் கல்யாணம். மூன்றே மாதத்தில் மனைவி இறந்துபோனார். 1903 மார்ச் 28-ல், பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள ஸோ என்ற ஊரில் போதோவும் கண்ணை மூடினார். வயசு 57. சிக்னல் வேகத்தின் அலகுக்கு அவர் பேரை வெச்சது அதற்கும் இருபது வருஷத்துக்கு மேல் கழிச்சுத்தான்.

அவர் உயிரோடு இருக்கும்போதே, 1901 வாக்கில், டொனால்ட் மரே என்ற நியூசிலாந்துக்காரர் ஆட்டத்தை மாற்றினார். டைப்ரைட்டர் மாதிரி விசைப்பலகை, ஒரு எழுத்துக்கு ஒரு விசை. சேர்க்கையை இயந்திரமே போட்டுக்கொள்ளும். விரல் இலக்கணம் தேவையில்லாமல் போச்சு. அதனால் மரே சங்கேதத்தையே மாற்றி, அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இயந்திரத் தேய்மானம் குறைவாக வரும்படி அமைச்சார்.

அப்போ ஐந்து கட்டையில் வருஷக்கணக்காய் உழைச்ச ஆபரேட்டர்களின் கைப்பழக்கம் வீணா? இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மவுசும் மெனுவும் இருக்கும்போது விம் கட்டளைகளை ஏன் கத்துக்கணும்?

நேர்மையாய்ச் சொன்னால், அந்தக் கைப்பழக்கம் காலத்தோடு போயிடுச்சு. ஆனால் யோசனை போகலை. எழுத்து நிலை, எண் நிலை ரெண்டும் மரேயின் சங்கேதத்திலும் தொடர்ந்தது. அவர் சேர்த்த கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் ரெண்டும் இன்னிக்கும் நம்ம ஃபைலில் இருக்கு. விண்டோஸ் ஃபைலை விம்மில் திறந்தால் சில சமயம் வரிக்கடைசியில் தொப்பி போட்ட 'எம்' தெரியுமே, அதுதான். எஸ்கேப் என்ற குறியீட்டை பாப் பீமர் 1960 வாக்கில் முன்வைத்ததும், ஒரு எழுத்துத் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறத்தான். லினக்ஸில் வரும் 'டிடிஒய்' கூட டெலிடைப்பின் சுருக்கம்தான்.

அதனால் சீட் ஷீட்டை மனப்பாடம் பண்ணாதீங்க. போதோவின் ஆபரேட்டர் மாதிரி இலக்கணத்தைப் பிடிங்க. 'டி' அழிக்கும், 'சி' மாற்றும், 'ஒய்' நகலெடுக்கும். மூன்றும் வினைச்சொல். 'டபிள்யூ' அடுத்த வார்த்தை வரை, 'பி' முந்தைய வார்த்தை வரை, டாலர் குறி வரிக் கடைசி வரை, பூஜ்யம் வரித் தொடக்கம் வரை, மூடும் இரட்டை அடைப்பு பத்தி முடிவு வரை. இந்த எட்டு விசையைப் பழகினால் பதினைந்து கட்டளை தானாய் வந்துடும். 'டி' தட்டி 'டபிள்யூ' தட்டினால் ஒரு வார்த்தை காலி. நடுவில் 3 போட்டால் மூன்று வார்த்தை. சந்தேகம் வந்தால் எஸ்கேப் அடிச்சு நிலையைச் சரி பண்ணிக்கோங்க.

வீட்டு லேப்டாப்பில் வேற எடிட்டர் இருந்தால் தாராளமா அதிலேயே வேலை செய்ங்க, தப்பே இல்லை. ஆனால் ஒருநாள் எங்கேயோ இருக்கிற சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாய் நுழைவீங்க. ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரியைத் திருத்தணும். மவுஸ் இருக்காது, மெனு இருக்காது, வி.ஐ. மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் கூகுள் பண்றதா, விரல் தானாய் ஓடுறதா என்பதை இப்போ நீங்கதான் முடிவு பண்றீங்க.

இன்னிக்கு ராத்திரி டெர்மினலில் 'விம்ட்யூட்டர்' என்று அடிச்சுப் பாருங்க. அரை மணி நேரப் பாடம்தான். வேகமா வேண்டாம், ஒரே சீராய்த் தட்டுங்க. வெளியே வர கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்!