விறகுப் புகையில் விளக்கேற்றிய பிலிப் லெபோன்

விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதுகுழலால் ஊதியவர்களுக்கு, விறகுப் புகையைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அது கண்ணைக் கரிக்கும், சுவரைக் கருக்கும், நெஞ்சை அடைக்கும். பழைய பால்மரக் கட்டைகளை எரித்து ரப்பர்த் தாள்களுக்குப் புகைபோட்ட கொட்டகைகளில் வேலை செய்த நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதை நம்மினும் நன்கு அறிவர். அந்தப் புகையே ஓர் எரிபொருள், அதனை வீணே வானத்துக்கு விடுகிறோம் என்று கண்டு, அதைப் பிடித்து வைப்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் மாணவர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் பெயர் பிலிப் லெபோன்.

பிரான்சு நாட்டின் கிழக்கே ஓ-மார்ன் என்னும் வட்டாரத்தில், பிராசே என்ற சிற்றூரில் 1767ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் லெபோன் பிறந்தார். அவ்வட்டாரம் காடுகள் நிறைந்தது. இரும்புக்கும் பெயர் பெற்றது. இரும்பை உருக்கும் உலைகளுக்கு வேண்டிய கரியை அக்காடுகளிலேயே மரத்தை மூட்டமிட்டுச் சுட்டு எடுத்தனர். இவ்வாறு கரி சுடும்பொழுது விறகின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் கரியாக மிஞ்சும். மற்றவை எல்லாம் ஆவியாகவும் வாயுவாகவும் காற்றோடு போய்விடும். அதை அன்று எவரும் இழப்பாகக் கருதவில்லை.

லெபோன் பாரிசு நகரில், பாலங்களும் சாலைகளும் அமைக்கும் பொறியாளர்களைப் பயிற்றுவித்த அரசுக் கல்லூரியில் பயின்று பொறியாளர் ஆனார். நீராவிப் பொறியைத் திருத்தியமைக்கும் முயற்சிக்காக 1792ஆம் ஆண்டில் அரசு அவருக்கு 2,000 லிவர் பணம் வழங்கியது. ஆயினும் அவர் மனம் வேறொன்றை நாடியது.

தம் ஊர் வீட்டில் இருந்தபோது அவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் மரத்தூளை நிரப்பி நெருப்பின்மேல் வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். தூள் சூடேறியதும் குடுவையின் வாயிலிருந்து புகை கிளம்பியது. அதில் தீயைக் காட்டவே புகை சுடர்விட்டு எரிந்தது. ஆனால் நாற்றமோ தாங்க முடியவில்லை. எனவே அவர் அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தினார். தாரும் காடி போன்ற புளிப்பு நீரும் தண்ணீரில் தங்கிவிட, ஓரளவு தூய்மையான வாயு மேலே வந்தது. வேண்டாத மரத்தூளிலிருந்து கரி ஒன்று, தார் ஒன்று, காடி ஒன்று, எரிவாயு ஒன்று என நான்கு பொருள்கள்! பின்னர் செங்கற்களால் பெரிய உலை ஒன்றைக் கட்டி இதனையே விரிவாகச் செய்தார். (மாணவர்கள் எவரும் இதனை வீட்டில் செய்து பார்க்க முற்படலாகாது. இவ்வாயுவில் மணமற்ற நச்சு வாயு கலந்திருக்கிறது. மூடிய அறையில் அது ஆளையே கொல்லும்.)

அது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய காலம். நாட்டின் கருவூலம் வறண்டிருந்தது. அங்கூலேம் என்னும் ஊரில் பணியாற்றிய லெபோனுக்கு ஊதியம் காலத்தில் கிடைக்கவில்லை. அவர் மனைவி கொர்னேலி பாரிசுக்குச் சென்று, பாக்கிப் பணத்தைத் தருமாறு அமைச்சரிடம் முறையிட்டார். தாம் கேட்பது பிச்சையன்று, நியாயம் என்பதை அவர் அஞ்சாமல் எழுத்திலேயே தெரிவித்தார். அறிவியலாளரின் வரலாற்றில் அவர் இல்லத்தரசியின் பங்கைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். நாம் அவ்வாறு விட விரும்பவில்லை.

1799ஆம் ஆண்டில் லெபோன் தம் கண்டுபிடிப்புக்கு அரசு உரிமம் பெற்றார். ஒரே கருவி வீட்டுக்கு வெப்பமும் தரும், ஒளியும் தரும் என்பதால் அதற்கு வெப்ப விளக்கு எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1801ஆம் ஆண்டில் அதே வாயுவால் இயந்திரம் ஒன்றை ஓட்டும் வழியையும் உரிமத்தில் சேர்த்தார். காற்றையும் வாயுவையும் அழுத்திக் கலந்து, மின்பொறியால் பற்றவைப்பது அவர் திட்டம். மோட்டார் வாகனங்கள் உலகில் தோன்றுவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது என்பது வியப்புக்குரியது.

அவ்வாண்டிலேயே பாரிசில் செஞ்ஞெலே மாளிகையை வாடகைக்கு எடுத்து, அறைகளிலும் தோட்டத்திலும் குழாய்களைப் பதித்து வாயு விளக்குகளை ஏற்றினார். மெழுகுவத்தியையும் எண்ணெய் விளக்கையும் மட்டுமே அறிந்திருந்த மக்கள், கட்டணம் செலுத்தி அதைக் காண வந்தனர். திரியின்றி, எண்ணெயின்றிச் சுடர் நின்று எரிவதைக் கண்டு அதிசயித்தனர். நாற்றத்தைக் குறை கூறியவர்களும் உண்டு. அரசோ நகர விளக்குகளுக்கு அதனை ஏற்க முன்வரவில்லை. வந்தவர்கள் பாராட்டினர், வாங்குவாரில்லை. கைப்பணம் கரைந்தது.

பின்னர் ரூவான் நகருக்கு அருகிலுள்ள ரூவ்ரே காட்டில் மரத்திலிருந்து தார் எடுக்க அரசு அவருக்கு அனுமதி அளித்தது. இங்கிலாந்துடன் போர் மூண்ட காலமாதலின், கப்பல்களின் பலகைகளில் நீர் புகாமல் பூசத் தார் மிகுதியாகத் தேவைப்பட்டது. ஒளி தரும் வாயுவுக்காக உழைத்தவர், வயிற்றுப்பாட்டுக்கு அதன் கழிவாகிய தாரை நம்ப வேண்டியதாயிற்று.

1804ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், நெப்போலியன் பேரரசனாக முடிசூடிய நாளை ஒட்டி, லெபோன் பாரிசில் காலமானார். வயது 37. சாலையில் யாரோ அவரைக் குத்திக் கொன்றனர் என்ற கதை நெடுநாள் வழங்கி வந்தது. நோயுற்று இறந்தார் என்று கூறும் ஆய்வாளர்களும் உள்ளனர். கணவர் மறைந்தபின்னும் கொர்னேலி ஓயவில்லை. 1811ஆம் ஆண்டில் பாரிசில் மீண்டும் அவ்விளக்குகளை ஏற்றிக் காட்டினார். அரசு அவருக்கு ஆண்டுக்கு 1,200 பிராங்கு உதவித்தொகை அளித்தது. ஈராண்டுகளில் அவரும் மறைந்தார்.

இதற்கிடையில், பாரிசில் லெபோனின் விளக்கைப் பற்றி அறிந்த வின்சர் என்ற செர்மானியர் இலண்டனுக்குச் சென்று, 1807ஆம் ஆண்டில் அங்கு ஒரு தெருவில் வாயு விளக்குகளை ஏற்றினார். 1812இல் வாயு வழங்கும் நிறுவனமும் அங்குத் தோன்றியது. இங்கிலாந்தில் மர்டாக் என்பவர் லெபோனைச் சாராமலே நிலக்கரியிலிருந்து வாயு எடுத்திருந்தார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நிலக்கரி வாயு பளிச்சென்று எரிந்தது. மர வாயு மங்கலாக எரிந்தது. எனவே மரம் தோற்றது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, மியூனிக் நகரின் பெட்டன்கோபர் என்னும் அறிஞர் இதன் காரணத்தைக் கண்டறிந்தார். மரத்திலிருந்து எழும் ஆவியை மேலும் கடுமையாகச் சூடாக்கினால் தார் சிதைந்து ஒளிமிக்க வாயுவாகிறது. லெபோனின் உலையில் அந்த ஒரு படிதான் குறைவு. அதன்பின் செர்மானிய நகரங்கள் சில மர வாயுவால் ஒளிபெற்றன.

இயந்திரத்தை ஓட்டும் அவர் எண்ணமும் வீண்போகவில்லை. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்காதபோது, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கரிவாயுவால் பேருந்துகளும் வாடகைக் கார்களும் ஓடின. வண்டியோடு இணைத்த உலையில் முன்கூட்டியே கரியை மூட்ட வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். அத்தகைய தாத்தா பாட்டி இல்லத்தில் இருப்பின், மாணவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பெட்ரோல் எரிந்தால் எரிந்ததுதான். மரமோ வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டால் வளரும். நடாவிட்டால் அதுவும் இல்லை. மரம் அறுக்கும் ஆலைகளின் ஓரத்தில் குவிந்து கிடந்த தூள், இன்று நம் நாட்டில் அழுத்தப்பட்டுச் சிறு சிறு உருளைகளாகி, எரிபொருளாகச் சப்பானுக்கும் கொரியாவுக்கும் கப்பலேறுகிறது. லெபோன் தம் குடுவையில் நிரப்பியதும் அதே தூள்தான்.