விட்டன்பர்க் கத்தரீனா அம்மாள்

ஜெர்மனியில் சாக்சனி என்று ஒரு பகுதி. அங்கே 1499-ல் பிறந்தவர் கத்தரீனா வான் போரா. பிரபு வம்சம்தான், ஆனால் பேருக்குத்தான் பிரபு; கையில் காசு கிடையாது. அம்மா சீக்கிரமே போய்விட, ஐந்தாறு வயதுப் பிள்ளையை அப்பா கன்னியர் மடத்துப் பள்ளியில் விட்டுவிட்டார். சீர் செய்து கட்டிக்கொடுக்க வழியில்லாத பெரிய குடும்பங்களில் அப்போது இதுதான் நடைமுறை. பிறகு நிம்ப்ஷென் மடம். அங்கே அத்தை மக்தலேனா ஏற்கெனவே இருந்தது ஒரு ஆறுதல்.

1523 ஈஸ்டர் சமயம். மடத்துக்குச் சரக்கு கொண்டுவரும் வியாபாரியின் வண்டியில் பன்னிரண்டு கன்னியர் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பினார்கள். பிடிபட்டால் வண்டிக்காரர் தலை போயிருக்கும். ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர், சபையில் சீர்திருத்தம் கேட்ட மார்ட்டின் லூத்தர். கத்தரீனாவுக்கு வந்த ஒரு வரனை மாப்பிள்ளை வீட்டார் தட்டிவிட்டார்கள். இன்னொருவரை அவரே வேண்டாம் என்றார். கடைசியில் 1525-ல் லூத்தரையே மணந்தார். அவருக்கு 26, லூத்தருக்கு 41.

கணவர் பேர் ஊரெல்லாம் பரவியது, வீட்டில் பணம்தான் தங்கவில்லை. எழுதின புத்தகத்துக்குக் காசு வாங்கமாட்டார்; கேட்டவருக்கெல்லாம் இருக்கிறதை எடுத்துக் கொடுத்துவிடுவார். சமாளித்தது கத்தரீனாதான். விட்டன்பர்க்கில் பழைய மடம் ஒன்றுதான் அவர்கள் வீடு. அதன் அறைகளில் மாணவர்களைக் காசுக்குத் தங்கவைத்துச் சோறு போட்டார். பீர் காய்ச்சினார், மாடு, பன்றி வளர்த்தார், மீன் குளமும் பழத்தோட்டமும் பார்த்தார். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவாராம். 1540-ல் தன் அண்ணன் தம்பிகள் பக்கமிருந்த சுல்ஸ்டார்ஃப் பண்ணையை வாங்கினார். பிறந்த வீட்டு மண்ணை மறுபடி கையில் வாங்கிய சந்தோஷம் சும்மாவா!

பிள்ளைகள் ஆறு. எலிசபெத் கைக்குழந்தையிலேயே போனாள். மக்தலேனா 13 வயதில். மடத்தை விட்டு வந்த அத்தையும் இவரோடவே தங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். உறவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

1546-ல் லூத்தர் இறந்தார். எல்லாம் மனைவிக்கே, பிள்ளைகள்தான் அம்மா கையைப் பார்க்கணும் என்று அவர் 1542-லேயே உயில் எழுதியிருந்தார். ஆனால் வக்கீல்களை நம்பாத மனுஷன், சட்டப்படி பதிவு செய்யாமல் விட்டுவிட்டார். அந்த ஊர்ச் சட்டமோ, விதவைக்குக் கொஞ்சம்தான் பங்கு, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் காப்பாளர் வேணும் என்றது. இத்தனை வருஷம் பண்ணையை நடத்தினவளுக்கு நிலம் பார்க்கத் தெரியாது என்ற மாதிரி அரசு அதிகாரி ப்ரூக் பேசினார். கத்தரீனா விடவில்லை. அரசர் வரைக்கும் மனு போட்டார். உயிலை அரசர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் காப்பாளர்கள் வந்தார்கள். ப்ரூக் வேண்டாம் என்ற வாக்ஸ்டார்ஃப் நிலத்தையும் அதே வருஷம் வாங்கினார்.

சண்டை வந்து இரண்டு முறை பிள்ளைகளோடு ஓடினார். திரும்பியபோது நிலங்கள் நாசமாகிக் கிடந்தன. கடன் வாங்கி, டென்மார்க் அரசருக்கு உதவி கேட்டு எழுதி, அறைகளை மறுபடி வாடகைக்கு விட்டு எழுந்து நின்றார். 1552-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து டார்காவ் போகும் வழியில் குதிரைகள் மிரண்டன. வண்டியிலிருந்து பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து அடிபட்டவர், டிசம்பர் 20-ல் கண் மூடினார். டார்காவ் தேவாலயத்தில் அடக்கம். மகன் பவுல் மருத்துவரானார். அந்த மடத்து வீட்டைப் பிள்ளைகள் 1564-ல் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். இன்று அது அருங்காட்சியகம்.